சின்ன மீன் ஏன் வளரவில்லை

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னது மல்லிகா. உங்களுக்கு அவள் முதலாளியம்மா, எனக்கு மனைவி. அவளே எழுதியிருக்கலாம். திருவண்ணாமலையில் கடல்மீன் தொட்டி என்று யார் பேச்செடுத்தாலும் அவள் பெயர்தான் முதலில் வருகிறது. அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? நான் இப்படித்தான் முணுமுணுப்பேன் என்று அவளுக்கும் தெரியும். "தப்பு பண்ண அனுபவம் உங்களுக்குத்தான் ஜாஸ்தி, நீங்களே எழுதுங்க" என்று நோட்டைக் கையில் திணித்துவிட்டு வேங்கிக்காலுக்கு ஒரு தொட்டி கழுவப் போய்விட்டாள்.

உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, வடிகட்டிப் பஞ்சை எத்தனை நாளைக்கு ஒருமுறை அலச வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அந்தக் கையெழுத்தும் அவளுடையதுதான். நான் சொல்லப்போவது ஒரு லாட்ஜில் இருந்த இரண்டு மீன்களை வைத்து நான் செய்த ஒரு காரியம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெரியாதது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பொறாமை.

தங்கமீன், கப்பி என்று நல்ல தண்ணீர் மீன் விற்றுக்கொண்டிருந்த நான் கடல்மீன் தொழிலைக் கற்றது சென்னை கொளத்தூரில் ஒரு மொத்த வியாபாரியிடம். என்னைவிட வயதில் சின்னவர். அதிலேயே எனக்குப் பாதி கசப்பு. தொட்டியில் கையை வைப்பதற்கு முன் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துவிடுவார். "பத்து நிமிஷம் சும்மா பாருங்கண்ணா. எது முன்னாடி போவுது, எது ஒதுங்குதுன்னு பாருங்க. அப்புறமா கைய வைங்க" என்பார். சினிமாவுக்கா வந்திருக்கிறேன் என்று எரிச்சலாக இருக்கும். ஊருக்குத் திரும்பி அதை மல்லிகாவிடம் கிண்டலாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு மறுநாளே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டு வேலை முடித்துக் கடைக்கு வந்து ஒத்தாசை செய்ய ஆரம்பித்த முதல் வாரம் அது.

அந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு சட்டமும் போட்டேன். கடைக்கு வந்த ஒருவர் மீன் ஏன் மூலையில் நிற்கிறது என்று கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். சரியான பதில். அவர் போன பிறகு அவளைக் கூப்பிட்டு, வாடிக்கைக்காரர் முன்னால் நீ பேசாதே, இரண்டு பேர் பேசினால் குழப்பம் வரும் என்றேன். சரிங்க என்றாள். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும், "அவர கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டுவாள். எனக்குத் தெரியாத கேள்வியாக இருந்தால் அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு நடுவில் அந்த விஷயத்தைத் தானாகப் பேசுவதுபோல் பேசுவாள். மறுநாள் அதை நான் சொந்தச் சரக்காக வாடிக்கைக்காரரிடம் சொல்லுவேன்.

ஆனால் மீனுக்கு யார் சட்டம் போடுவது? நான் தொட்டி அருகே போனால் கல்லுக்குப் பின்னால் போய்விடும். அவள் போனால் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். தீனி போடுகிற கையைத் தெரிந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று ஒரு மாதம் நானே தீனி போட்டுப் பார்த்தேன். தீனியைத் தின்றுவிட்டு அவள் இருக்கும் பக்கம் போயின. வயிறு எரிந்தது. ஒரு மனுஷன் மீனைப் பார்த்து வயிறு எரிவானா என்று கேட்காதீர்கள். வாடிக்கைக்காரர்கள் வேறு, நான் வாளியோடு வாசலில் நிற்கும்போதே எட்டிப்பார்த்து, அக்கா வரலையா என்பார்கள்.

இனி லாட்ஜுக்கு வருகிறேன். அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அதை வாங்கியவர் போளூர்ப் பக்கத்து கிராமத்துத் தமிழ்ச் சமணர். நிலபுலம் உள்ள குடும்பம். எல்லாரும் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவோம். உயிர்க்கொலை என்றால் பேச்சுக்குக்கூட வாயில் எடுக்க மாட்டார், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அப்படிப்பட்டவர் மீன்தொட்டி வைப்பாரா? வைக்கவில்லை. கட்டிடத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. பழைய முதலாளி வரவேற்பறையில் ஆசைக்கு ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருந்தார். லாட்ஜை விற்றபோது அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார். தொட்டிக்குள் இரண்டு மீன்.

நயினார் எங்களை வரவழைத்துத் தொட்டியைக் காட்டினார். "நானா வாங்கினது இல்லப்பா. ஆனா உயிரு இருக்குது. கரண்ட்ட நிறுத்தினா செத்துடும். எங்க கொண்டுபோய் வுடறது? அதுங்க காலம் முடியிற வரைக்கும் பார்த்துக்கணும். உங்களால ஒண்ணும் ஆவக்கூடாது, அவ்ளோதான் என் கண்டிஷன்" என்றார். மாதத்துக்கு நான்கு புதன்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டோம். மல்லிகா கடைக்கு வந்து அப்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த மீன்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கோமாளி மீன் வகை. எல்லாருக்கும் தெரிந்த ஆரஞ்சு நிறத்தது கிடையாது. உடம்பு கறுப்பும் பழுப்பும், இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். நம் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலிலேயே உண்டு. அங்கே பாறைத் திட்டுகளில் கடல் சாமந்தி என்று ஒன்று இருக்கும். பார்க்கப் பூ மாதிரி, ஆனால் பிராணி. தொட்ட மீனைக் கொட்டிச் சாகடித்துவிடும். இந்த மீனை மட்டும் ஒன்றும் செய்யாது, உடம்பின் வழவழப்பு காப்பாற்றிவிடும். அதனால் அதையே வீடாக்கிக்கொண்டு, அதை விட்டு நாலு முழம் தாண்டாமல் ஆயுசு பூராவும் கிடக்கும். பண்ணையில் பொரித்த மீனுக்குச் சாமந்திகூட வேண்டாம், ஏதாவது ஒரு மண்சட்டி கிடைத்தால் போதும், என் வீடு என்று ஒட்டிக்கொள்ளும்.

லாட்ஜ் தொட்டியில் அதுவும் இல்லாமல் இரண்டும் அலைந்துகொண்டிருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த மல்லிகா அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு பெரிய அகலைக் கொண்டுவந்தாள். கார்த்திகைக்கு வாங்கி, எண்ணெய் படாமல் பரண்மேல் கிடந்தது. நாலு நாள் உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, தொட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். தீபத்துக்கு வாங்கியதை மீனுக்கு வைக்கிறாயே என்றேன். உண்மையில் எனக்கு அந்த யோசனை வரவில்லையே என்ற கடுப்பு. ஒரே வாரத்தில் இரண்டும் அகலுக்குக் குடிவந்துவிட்டன.

இரண்டில் ஒன்று பெரியது, என் நடுவிரல் நீளம். இன்னொன்று அதில் பாதி. பெரியது ஆண், சின்னது பெண் என்று முதல் நாளே நயினாரிடம் சொல்லியிருந்தேன். எந்த ஆதாரமும் இல்லை. அவர் கேட்டார், தெரியாது என்று சொல்ல நாக்கு வளையவில்லை. பெரியதாக இருப்பது ஆணாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. சின்னது அகலின் உள்பக்கத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. நான் பின்பக்கம் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மல்லிகா ஸ்டூலில். பெரியது வந்து அகலை வயிற்றால் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தது. அது போன இடமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பொடி முட்டை. அதன் பின்னாலேயே சின்னது. முடிந்ததும் பெரியது தன்பாட்டுக்கு வெளியே போய்விட்டது. சின்னது முட்டைக்கு எதிரில் நின்று துடுப்பால் விசிற ஆரம்பித்தது. நயினாரும் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, ஆச்சரியத்தில் சட்டத்தை மறந்து, மல்லிகா அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"பெருசுதாங்க பொண்ணு. சின்னதுதான் ஆம்பள."

நயினார் என்னைப் பார்த்தார். நீ வேறு மாதிரி சொன்னாயே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, சில மீனில் ஆணும் அப்படி வயிற்றைத் தேய்க்கும், இது வளர்ச்சி இல்லாத பெட்டை, முட்டை பொரிக்காது என்று என்னென்னவோ சொன்னேன். மல்லிகா உடனே வாயை மூடிக்கொண்டாள். அது வேறு எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சொன்ன வாய்க்கு ஏதாவது செய்துகாட்ட வேண்டுமே. வளர்ந்த பெட்டை ஒன்றை உள்ளே விட்டால் சின்னதை ஒதுக்கிவிட்டுப் பெரியதோடு ஜோடி சேர்ந்துவிடும், அப்போது யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும் என்று திட்டம் போட்டேன். கொளத்தூருக்குப் போன் பண்ணி, அதே ஜாதியில் நன்றாக வளர்ந்த பெரியதாக ஒன்று அனுப்பு என்றேன். எதற்கு என்று கேட்டார். கடைக்கு என்று பொய் சொன்னேன். மல்லிகாவிடம் மூச்சு விடவில்லை.

பார்சல் பஸ்ஸில் வந்த நாள் பௌர்ணமி. அதை நான் யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் பௌர்ணமியை மறந்தேன் என்றால் என் புத்தி எங்கே இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலப் பாதையில் ஆட்டோ, டூவீலர் எதுவும் கிடையாது. மத்தியான வெயில். தெர்மாகோல் பெட்டிக்குள் ஆக்சிஜன் அடைத்த பையில் மீன். இரவு வரைக்கும் தாங்காது, அதற்கு முன்பே பை சூடேறிவிடும்.

அன்று நான் எடுத்த முடிவில் தொழில்ரீதியாக ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்திலாவது என்னை மெச்சிக்கொள்கிறேன். துண்டை நனைத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன். வலப்பக்கமாகப் போனால் மலையில் பாதிக்கு மேல் சுற்ற வேண்டும். இடப்பக்கமாகப் போனால் பாதிக்கும் குறைவு. இடப்பக்கமே நடந்தேன். ஊரே மலையை வலமாக வந்துகொண்டிருக்க நான் ஒருவன் மட்டும் எதிரில் போனேன். தப்பான பக்கம் போறியே சாமி என்று பலர் சொன்னார்கள். தலையில் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்து அன்னதானம் என்று நினைத்து வழிநெடுக கையை நீட்டினார்கள். ஒரு அம்மா புளிசாதமா தயிர்சாதமா என்று கேட்டார். மீன் என்றேன். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு அடி வாங்காமல் தப்பித்தது பெரிய விஷயம்.

நடக்கும்போது மூன்று தடவை போன் அடித்தது. பெட்டி தலையில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. ஒரு மரத்தடியில் பெட்டியை இறக்கி வைத்துத் துண்டை மறுபடி நனைத்துக்கொண்டிருந்தபோது நாலாவது தடவை அடித்தது. எடுத்துப் பார்த்தேன், மல்லிகா. அப்போது கை சும்மாதான் இருந்தது. எடுக்கவில்லை. கொளத்தூர்க்காரர் அவளுக்குப் போன் பண்ணிப் பெரியது ஒன்று அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு விற்ற மீனைப் பற்றிக்கூட அவளிடம்தான் சொல்லுவார் என்பது பிறகுதான் தெரியும்.

லாட்ஜுக்குப் போனபோது மணி ஐந்துக்குப் பக்கம். நயினார் கவுண்டருக்குப் பின்னால் சாப்பாட்டுக் கேரியரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் போவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். கூட்டம் அதிகமாக இருந்ததால் சாவி கொடுத்து முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று இருந்தார். ஜோடி சேர்க்கக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அந்தம்மாகிட்ட கேட்டியா என்றார். அந்தக் கேள்விதான் என்னைத் தள்ளிவிட்டது. கேட்டாச்சுங்க என்றேன். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பொறுக்க வேண்டிய நேரம் பொறுத்து, திறந்து விட்டேன்.

புது மீன் கண்ணாடி ஓரமாக நின்றது. பழைய பெரியது அகலை விட்டு வெளியே வந்தது. முதலில் பக்கவாட்டில் திரும்பி உடம்பு முழுவதையும் காட்டியது. புதியதும் அதேபோல் காட்டியது. இரண்டும் ஒரே அளவு. அப்புறம் பாய்ந்தது. தாடையும் தாடையும் கவ்விக்கொண்டு உருண்டன. விளக்கு வெளிச்சத்தில் செதில்கள் மினுங்கிக்கொண்டு இறங்கின. சின்னதும் சும்மா இல்லை, புதியதன் வாலைப் போய்ப் போய்க் கடித்தது. அறைக்கு வந்த யாத்திரிகர்கள் கூடிவிட்டார்கள். எப்படிக் கொஞ்சுது பாரு என்று ஒருவர் போனில் படம் பிடித்தார்.

"இன்னாப்பா இது?" என்றார் நயினார்.

"பழகிக்கும்ங்க. மொதல்ல அப்படித்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு நாள் ஒரு தொட்டியின் முன்னால் இதைச் சொல்லுவீர்கள். சொல்லும்போது மீனைப் பார்த்துச் சொல்கிறீர்களா, பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்களா என்று கவனியுங்கள். நான் நயினார் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

வலை என் கையில் இருந்தது. சத்தியமாகக் கையில்தான் இருந்தது. புதியதை எடுக்க இரண்டு நிமிஷம் போதும். எடுத்தால் என்ன அர்த்தம்? இரண்டும் பெண் என்று அர்த்தம். மல்லிகா சொன்னது சரி என்று அர்த்தம். அதை அந்த வரவேற்பறையில், அத்தனை பேர் முன்னால், நானே என் கையால் காட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இப்போது அடங்கிவிடும் என்று நின்றேன். பதினைந்து வருஷத்தில் ஒரு தொட்டியை நான் அவ்வளவு நேரம் சும்மா நின்று பார்த்தது அன்றுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மல்லிகா வந்தாள். வேங்கிக்காலில் தொட்டி கழுவப் போயிருந்தவள் அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறாள், செருப்பு அறுந்து கையில் இருந்தது. நேராக லாட்ஜ் சமையலறைக்குப் போய் அரிசி களையும் பிளாஸ்டிக் கூடையை எடுத்துவந்து, தோள்வரை கையை விட்டு, புதியதைக் கண்ணாடியோடு ஒதுக்கிக் கூடையால் மூடினாள். பழைய பெரியது கூடையை இரண்டு தடவை முட்டிவிட்டு அகலுக்குப் போயிற்று. கண்ணுக்குக் கீழே கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப வுட்டீங்க?" என்றாள்.

"இப்பதான். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

நயினார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. திறக்காத கேரியரை எடுத்து உள்ளே வைத்தார்.

புதியதைக் கடைக்குக் கொண்டுபோனோம், அது பிழைத்துக்கொண்டது. பழைய பெரியதற்குப் புண் வெளுத்துத் தலை முழுக்கப் பரவியது. மல்லிகா மூன்று நாள் காலையிலும் மாலையிலும் போய் மருந்து விட்டாள். மூன்றாம் நாள் அது அகலுக்குள் பக்கவாட்டில் கிடந்தது. நயினார் அதைக் குப்பையில் போட விடவில்லை. லாட்ஜுக்குப் பின்னால் நந்தியாவட்டைச் செடியடியில் அவரே பள்ளம் தோண்டினார். மண்ணை மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அரை மணி நேரம் நின்னுக்கினு இருந்தியேப்பா."

மல்லிகா பக்கத்தில்தான் நின்றாள். ஐந்து நிமிஷம் என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததுபோல் இதுவும் விழுந்தது. இனிமேல் அந்தம்மா மட்டும் வந்தால் போதும், புதிதாக எந்த உயிரையும் கேட்காமல் உள்ளே விடக்கூடாது என்றார் நயினார். உள்ளே போய்ப் பார்த்தால், தனியாக இருந்த சின்னது அகலை வாயால் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

அடுத்த புதன்கிழமை நானும் கிளம்பினேன். உங்களை வர வேண்டாம் என்றாரே என்றாள். தண்ணீர் கேன் தூக்க ஆள் வேண்டாமா என்றேன். அதன்பின் அந்த லாட்ஜுக்கு நான் கேன் தூக்கத்தான் போனேன். நயினார் அவளிடம் பேசுவார், எனக்கு ஒரு தலையசைப்பு. அவள் அவருக்குப் பதில் சொல்லச் சொல்ல, பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இவ்வளவு நாள் இத்தனை விஷயத்தையும் எங்கே வைத்திருந்தாள் என்று தோன்றும். தோன்றிய மறுநிமிஷம் எரியும். அந்த மீன் செத்துப் புத்தி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் வரவில்லை. குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம், இரண்டும் ஒரே வயிற்றில் நன்றாகவே இருந்தன.

மாதங்கள் போகப்போகச் சின்னது வளர ஆரம்பித்தது. அதே தொட்டி, அதே தீனி. இரண்டு விரற்கடை இருந்தது மூன்றாயிற்று, பிறகும் நிற்கவில்லை. அடுத்த வருஷம் செத்துப்போனதன் அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் இப்போது புதன்கிழமைகளில் போய்ப் பார்க்கிறீர்களே, அகலை விட்டு நகராமல் கையைக் கடிக்க வருமே ஒரு பெரிய பெண் மீன், அது அன்றைய சின்னதுதான். அன்று ஆண், இன்று பெண். தலைமைப் பெண் போய்விட்டால் அடுத்து இருக்கும் ஆண் பெண்ணாக மாறிவிடும். நயினாரிடம் கேட்டுத்தான் பொடியாக ஒரு குஞ்சை விட்டோம், அது ஆணாயிற்று. இரண்டும் அதே அகலில் முட்டை வைத்தன. நயினார் இரண்டு படி அரிசி போட்டு வெல்லப் பொங்கல் வைத்துக் கொடுத்தார், வெளிச்சம் இருக்கும்போதே.

கடையை நான் அவளிடம் ஒப்படைத்தது முழங்கால் வலியால் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் முடிவு எடுத்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், குஞ்சை விடுவதற்கு முன்னால்.

அன்று காலை நயினார் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இத்தனை நாள் தம்மாத்துண்டாக இருந்தது, அதே சாப்பாட்டில் இப்போது எப்படி இப்படி வளர்கிறது என்றார். நான் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மல்லிகா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வளர முடியாம இல்லீங்க. பெருசு இருக்கிற வரைக்கும் சின்னது வளராது. அதுக்குச் சமமா வந்துட்டா பெருசு அடிச்சு வெளிய தொரத்திடும். வெளிய போனா கடல்ல வேற எதுனா புடிச்சுத் துன்னுடும். அதனால பக்கத்துலயே இருக்கணும்னா சின்னதாவே இருக்கணும். அதுவே கம்மியா துன்னு, தன்னைத் தானே கொறச்சிக்கும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. யாரையும் குத்திப் பேசுகிற குரலும் அது இல்லை. மீனைப் பற்றிக் கேட்டார், மீனைப் பற்றிச் சொன்னாள். நயினார் பாவம் என்றார். நான் கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் கடைக்குப் பின்னால் குழாயடியில் அவள் அந்த அரிசிக் கூடையை அலசிக்கொண்டிருந்தாள். நயினார் அதை எங்களுக்கே கொடுத்துவிட்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கேட்பதா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டேன்.

"நீயும் அப்படித்தான் இருந்தியா, மல்லிகா?"

அவள் நிமிரவில்லை. கூடையைத் திருப்பி அடிப்பக்கத்தை அலசினாள்.

"பதினாறு வருஷம்" என்றாள்.